கண்ணுக்கு அறுபது, கைக்கு முப்பது

போன வாரம் ஹாஸ்டலில் ஒரே விவாதம். என் பழைய லேப்டாப்பில் கார் ரேஸ் கேம் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் போகாது. ரூம்மேட் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். திரை ஓரத்தில் 60 என்று காட்டியது. படமும் வழுக்கிக்கொண்டு ஓடியது. "பாத்தியா, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கின மாதிரி இருக்குல்ல?" என்றான். முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன்!

ஏன்? இந்த ஃபிரேம் ஜெனரேஷன், கேம் வரைந்த இரண்டு படங்களைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்துச் சொருகுகிறது. நடுப்படம் வேண்டுமென்றால் அடுத்த படம் முதலில் கைக்கு வரவேண்டும். அதுவரை காத்திருப்பதால் நாம் அழுத்துவது திரையில் தெரியத் தாமதமாகிறது. 30 ஃபிரேமில் இரண்டு படங்களுக்கு நடுவே 33 மில்லி விநாடி. 60 என்றால் 17தான். அதாவது, மெதுவான கணினிக்குத்தான் தாமதமும் அதிகம், ஊகத்தில் தப்பும் அதிகம்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. 2023-இல் எஃப்எஸ்ஆர் 3-ஐ வெளியிட்ட ஏஎம்டியே, ஏற்கெனவே 60 ஃபிரேம் கிடைத்தால் பயன்படுத்துங்கள் என்றது. இருப்பவனுக்கு இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். 144 ஹெர்ட்ஸ் திரையில் நிதானமாக ஆடும் கதை கேமுக்கு அது அருமை. மறுக்கவில்லை.

என் கோபம் வேறு. 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 4090-க்குச் சமம் என்று மேடையில் சொன்னார். நான்கு ஃபிரேமில் மூன்றைச் சொருகி வந்த கணக்கு அது. அடுத்த மாதமே வந்த 'மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ்' கேமுக்குப் பரிந்துரைத்த கணினியில் 60 ஃபிரேம் கிடைக்கும் என்றார்கள். ஃபிரேம் ஜெனரேஷனைப் போட்டால்! அப்படியென்றால் கேம் நிஜமாக வரைவது எத்தனை?

பாலில் தண்ணீர் கலப்பது ஒரு விஷயம். கலந்தபின் லிட்டர் கணக்கில் பால் என்றே விற்பது வேறு விஷயம். டியூஷன் எடுத்துக் காசு சேர்த்து கார்டு வாங்குகிற நம்மைப் போன்றவர்கள்தான் இதில் ஏமாறுவோம்.

அதனால் நண்பர்களே, அடுத்த முறை யாராவது பெரிய எண்ணைக் காட்டினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அதை ஆஃப் பண்ணினா எவ்வளவு?"