ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப்போடச் சொல்பவருக்கு

எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டு, வீட்டிலிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப்போடுங்கள் என்று சென்ற இதழில் எழுதியவர் தன் வாசகர்களுக்குத் தீங்கு செய்திருக்கிறார். இதைக் கருத்து வேறுபாடு என்று கடந்துபோக முடியாது. அவர் பேச்சைக் கேட்டு ஒரே ஒருவர் தன் குழந்தையின் முதல் ஐந்து வருடப் படங்களைக் கணினியிலிருந்து அழித்திருந்தாலும், நாளை அவை தொலைந்தால் அந்தப் பழி அவருடைய கட்டுரையைத்தான் சேரும்.

அவர் வாதம் முழுவதும் ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. அமேசானின் எஸ்3 சேமிப்பு 99.999999999 சதவீத நீடிப்புக்காக வடிவமைக்கப்பட்டது. ஆகவே கிளவுடில் வைத்தது அழியாது என்கிறார். எண் சரி, அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு தவறு. டிஸ்க் பழுதாவதையும் சர்வர் சாய்வதையும் ஒரு கட்டடம் முடங்குவதையும் கணக்கில் வைத்துச் சொல்லப்பட்ட எண் அது. உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிட்ட ஒருவன் ‘அழி’ என்று கட்டளையிட்டால், அதே அமைப்பு அதே ஒழுங்கோடு அழித்துக் கொடுத்துவிடும். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம், பிறர் எழுதிய நிரல்களை அமேசான் கிளவுடில் பாதுகாத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டிருந்தது. 2014 ஜூனில் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் ஒருவன் புகுந்தான். தரவுகளையும், பேக்கப் என்று வைத்திருந்தவற்றில் பெரும்பகுதியையும் அழித்தான். நிறுவனத்தையே மூட வேண்டியதாயிற்று. அங்கே ஒரு டிஸ்க்கும் பழுதாகவில்லை. பேக்கப்பும் அசலும் ஒரே கணக்குக்குள் இருந்ததுதான் காரணம்.

பெரிய நிறுவனங்கள் தவறு செய்யாது என்பது அவருடைய அடுத்த வாதம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது என்று அவர் பார்த்திருக்க வேண்டும். யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்துக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அது நிர்வகிக்கும் பணம் சுமார் 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதன் கிளவுட் சந்தா கூகுள் தரப்பில் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் முழுதாக அழிந்துபோனது. இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள். சந்தாவே போனபோது இரண்டும் சேர்ந்து போயின. உறுப்பினர்கள் சுமார் ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்ததாகக் கூகுள் கிளவுடின் தலைமை அதிகாரியும் யூனிசூப்பரின் தலைமை அதிகாரியும் சேர்ந்து விட்ட அறிக்கையே சொன்னது. அது நிறுவனங்களுக்கான சேவை, நம் போட்டோக்களுக்கு அது பொருந்தாது என்று கட்டுரையாளர் சொல்லலாம். அவ்வளவு பெரிய வாடிக்கையாளருக்குத் தலைமை அதிகாரியே இறங்கிவந்து வருத்தம் தெரிவிக்கிறார். மாதம் 130 ரூபாய் கட்டுகிறவருக்கு, அல்லது எதுவுமே கட்டாதவருக்கு, நிரப்பி அனுப்ப ஒரு படிவம் கிடைக்கும்.

கூகுளை நம்பச் சொல்கிறவர், கூகுள் தன் வாடிக்கையாளர்களின் தரவை எப்படிக் காப்பாற்றியது என்பதையாவது படித்திருக்கலாம். 2011 பிப்ரவரி கடைசியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதத்தினரின் அஞ்சல்பெட்டிகள் காலியாகக் காட்சியளித்தன. பல தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் அந்தப் பிழை பாதித்திருந்தது. கடைசியில் அஞ்சல்களை மீட்டுக் கொடுத்தவை காந்த நாடாக்கள். அவை இணைப்பில் இல்லாமல் தனியாக இருந்தன, அதனால் பிழை அவற்றை எட்டவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் கை எட்டாத இடத்தில் ஒரு பிரதி வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் கட்டுரையாளரோ, வீட்டில் இருக்கும் அப்படிப்பட்ட ஒரே பிரதியைக் குப்பையில் போடச் சொல்கிறார்.

கட்டுரையில் எனக்கு மிகுந்த கோபம் தந்த பகுதி செல்போனைப் பற்றியது. கூகுள் போட்டோஸில் படங்கள் ஏறிவிட்டால் பேக்கப் முடிந்தது, இடத்தைக் காலியாக்கும் பொத்தானை அழுத்திவிடுங்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பொத்தான், மேலே ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து நீக்குகிறது. அதை அழுத்தும் நொடிவரை உங்களிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. அழுத்திய பிறகு ஒன்றுதான். இதற்குப் போய் பேக்கப் என்று பெயர் வைக்கிறார். அப்புறம் ஒருநாள் வீட்டுக் குழந்தை போனை எடுத்து அந்தச் செயலியில் படங்களை நீக்கினால், அவை குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும். ஐபோனின் ஐகிளவுடில் என்றால் 30 நாள். அதற்குள் யாரும் கவனிக்காவிட்டால் அவ்வளவுதான். சிங்க் என்பது ஓரிடத்தில் நடந்ததை எல்லா இடத்திலும் நடத்திக் காட்டுவது. நீங்கள் சேர்த்ததும் எல்லா இடத்துக்கும் போகும், தவறி அழித்ததும் போகும், பணம் பறிப்பதற்காக ரான்சம்வேர் என்ற தீநிரல் பூட்டிய கோப்பும் போகும்.

கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடத்தில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு கேட்கின்றன என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸப் பேக்கப்பும் இப்போது அதில்தான் சேர்கிறது. காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் அந்த இடத்தை நிரப்பியதும் புதிய படங்கள் மேலே ஏறுவது நின்றுவிடும். அறிவிப்பு வரும், வீட்டில் பெரியவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் போவார்கள். பேரனின் முதல் பிறந்தநாள் படங்கள் பத்திரமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு கைவிட்டுப் போவதைப் பற்றியும் அவர் பேசவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், உடம்பு சரியில்லாத தன் சிறு மகனின் படத்தை மருத்துவர் பார்ப்பதற்காகப் போனில் எடுத்தார். தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படமாக எடுத்துக்கொண்டது. கூகுள் கணக்கை முடக்கியது. அஞ்சல், தொடர்பு எண்கள், மகனின் குழந்தைப்பருவப் படங்கள், அதே நிறுவனத்திடம் வாங்கியிருந்த போன் இணைப்பு எல்லாம் ஒரே வீச்சில் போயின. காவல்துறை விசாரித்துக் குற்றம் இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. அபூர்வமான சம்பவம்தான். மரணம் அபூர்வமானதல்ல. வீட்டுத்தலைவர் இறந்துவிட்டால் அவருடைய பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? ரீசார்ஜ் செய்யாத எண் செத்துப்போனபின் ஓடிபி எங்கே வரும்? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. அப்பாவின் படங்களைப் பார்க்கும் தெம்பு வருவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடக் கூடிய குடும்பங்கள் இருக்கின்றன.

கட்டுரையாளரின் அறிவுரையை ஓர் அரசாங்கமே பின்பற்றிப் பார்த்துவிட்டது. தென்கொரியா 2018 முதல் அரசு ஊழியர்களுக்கு ஜி-டிரைவ் என்ற கிளவுடை நடத்தியது, ஆளுக்கு 30 ஜிபி. கோப்புகளை அலுவலகக் கணினியில் வைக்காமல் அதில் வைக்கச் சொன்னார்கள். பணியாளர் மேலாண்மை அமைச்சகம் எல்லா ஆவணங்களையும் அதில் மட்டுமே வைக்க வேண்டும் என்றது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜோன் நகரத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. 858 டெராபைட் எரிந்துபோனது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் எடுத்திருக்கவில்லை. அதிகமாகப் பாதிக்கப்பட்டது, அந்த உத்தரவை ஒழுங்காகக் கடைப்பிடித்த பணியாளர் மேலாண்மை அமைச்சகம்.

அவர் சொன்னதில் ஒன்று சரி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளோடு கணினிகளும் மூழ்கின. வீட்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்புவதும் பிழைதான். ஆனால் இதிலிருந்து வீட்டுக்கு வெளியேயும் ஒரு பிரதி வேண்டும் என்பது மட்டுமே கிடைக்கிறது. வீட்டில் இருப்பதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது எப்படிக் கிடைத்தது? ஒரு கால் பலவீனம் என்பதற்காக அதை வெட்டிவிட்டு மற்றக் காலில் நிற்கச் சொல்வது போன்ற தர்க்கம் இது.

சாதாரண மக்களால் பேக்கப்பெல்லாம் பார்த்துக்கொள்ள முடியாது என்று முடிக்கிறார். வீட்டுப் பத்திரத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து, அசலை பேங்க் லாக்கரில் வைக்கத் தெரிந்த மக்களைப் பற்றி இப்படிப் பேசுவது அவமதிப்பு. மைக்ரோசாப்டின் சேவை ஒப்பந்தமே பயனர்களைத் தங்கள் தரவைத் தவறாமல் பேக்கப் எடுத்துவைக்கச் சொல்கிறது. விற்கிறவர் சொல்லும் எச்சரிக்கையைக்கூட இவர் வாசகருக்குச் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிளவுட் இருக்கட்டும். கூகுள் டேக்அவுட் வழியாகப் படங்களை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாகத் தயாராகும்படி ஓராண்டுக்கு ஏற்பாடு செய்யவும் வழியிருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பென்டிரைவ் இதற்கு ஆகாது. நகலெடுத்ததும் கழற்றிவிட வேண்டும்; கணினியில் செருகியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் விடாது. ஒன்றை வேறு ஊரிலிருக்கும் அக்கா வீட்டில் வையுங்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

எடுத்துவைத்ததைத் திறந்து பார்ப்பதும் முக்கியம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக முக்கியத் தரவுத்தளத்தை அழித்தபோது, வைத்திருந்த ஐந்து பேக்கப் முறைகளில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல் காப்பாற்றியது. ஆகவே ஒவ்வொரு முறை டிஸ்க்கை மாற்றும்போதும் வேறு ஒரு கணினியில் செருகி, பழைய வருடப் படங்கள் சிலவற்றையும் ஒரு வீடியோவையும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.