பெனிசிலின் பட்டியலில் இருந்தால் போதுமா?

புணேவை அடுத்த பிம்பிரியில் உள்ள ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவனம் பற்றி நாடாளுமன்றத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் நஷ்டம், ஊதிய பாக்கி, உபரி நிலம் ஆகியவற்றைச் சுற்றியே வருகின்றன. அங்கு தயாரான மருந்து இன்று யாருக்குத் தேவை, அது தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறதா என்ற கேள்வி அபூர்வம்.

உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் 1954-ல் நிறுவப்பட்ட இதுவே நாட்டின் முதல் பொதுத்துறை மருந்து நிறுவனம். 1955-ல் இங்கு பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ந்தது. சீனாவிலிருந்து மலிவு விலையில் மூலப்பொருள் குவியத் தொடங்கியதும் இந்திய ஆலைகள் பெனிசிலின் மூலப்பொருள் தயாரிப்பைக் கைவிட்டன. உபரி நிலத்தை விற்றுக் கடனை அடைத்தபின் நிறுவனத்தையே விற்பது என 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

பெனிசிலின் பழைய மருந்துதானே என்று ஒதுக்கிவிட முடியாது. தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் குழந்தைகளின் இதய வால்வுகளைச் சிதைக்கக் கூடியது. அது மீண்டும் தாக்காதிருக்க, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பென்சாதைன் பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட்டாக வேண்டும். கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்கு சிஃபிலிஸ் பரவாமல் தடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் மருந்தும் இதுவே.

மருந்துகளைத் தேவையறிந்து எழுதுங்கள் என்று மருத்துவர்களுக்கு உபதேசிப்பது எளிது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உரிய மருந்து இருப்பு இல்லையென்றால், விலை கூடிய, தேவைக்கு மீறிய வீரியமுள்ள வேறொன்றைத்தான் அவர் எழுதுவார். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகவும் அது வழிவகுக்கும்.

பட்டியல் போடுவதில் இந்தியா பின்தங்கவில்லை. 1975-லேயே ஹாத்தி குழு 117 அத்தியாவசிய மருந்துகளை அடையாளம் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் முதல் பட்டியல் வந்ததோ 1977-ல். 2022-ன் தேசியப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. ஆனால், பட்டியல் சுகாதார அமைச்சகத்துடையது. உற்பத்தியும் விலையும் ரசாயனம், உரத்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. (ஊசி மருந்துக்கும் யூரியாவுக்கும் ஒரே அமைச்சகம் என்பது தில்லிக்கு மட்டுமே விளங்கும் தர்க்கம்.) நாடாளுமன்ற நிலைக்குழுக்களும் அவ்வாறே இரண்டாகப் பிரிந்துள்ளன.

இதன் விளைவு 2024 அக்டோபரில் தெரிந்தது. கட்டுப்படியாகவில்லை என்ற உற்பத்தியாளர்களின் முறையீட்டை ஏற்று, 8 மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அனுமதித்தது. அவற்றில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் அடக்கம். இரண்டும் பிம்பிரியில் அரசே தயாரித்த மருந்துகள்!

பெனிசிலின் மூலப்பொருளை உள்நாட்டிலேயே தயாரிக்கும் தனியாருக்கு 2020-ம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் மத்திய அரசு ஊக்கத்தொகை அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அதே தேவைக்காக நிறுவப்பட்ட சொந்த ஆலையை விற்க முடிவெடுத்துவிட்டு, பிறருக்கு ஊக்கத்தொகை தருவது எப்படிப் பொருந்தும்?

மொத்தக் கொள்முதலுக்கு முன்மாதிரியாக 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. அதுபோல அனைத்து மாநிலங்களின் தேவையையும் திரட்டி, சில ஆண்டுகளுக்கான கொள்முதலை உறுதி செய்தால் மலிவான மருந்தும் கட்டுப்படியாகும். பிம்பிரி நிலம் என்ன விலை பெறும் என்று கேட்பதற்கு முன்பாக, நாட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை பெனிசிலின் ஊசிகள் தேவை, அவற்றை யார் தரப்போகிறார்கள் என்று இரு அமைச்சகங்களையும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.