ஒரு மூணாறு, பல எழுத்து

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலை ஏறும் பஸ்ஸில், ஊர்ப் பெயரை எப்படி உச்சரித்தாலும் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிடுகிறார். மூணாறு என்பவர் உண்டு, மூணார் என்பவர் உண்டு. இலக்கணம் படித்த யாராவது மூன்றாறு என்றாலும் பாதகமில்லை. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் கூடும் இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். வழியில் வரும் மறையூர், மலையாள எழுத்தில் ஐகாரத்தை உதறிவிட்டு மறயூர் ஆகிறது. அதற்காக யாரும் இறங்காமல் போனதில்லை.

கம்ப்யூட்டருக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. ஒரு எழுத்து மாறினால், அப்படி ஒரு ஊரே இல்லை என்று சாதிக்கும்.

இன்டர்நெட்டில் பெயர்கள் மனிதர்களின் சௌகரியத்துக்காக. எந்திரங்களுக்கு எண் போதும். தபால் இலாகாவுக்கு இது பழைய கதை. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்கு மொழிக்கொரு எழுத்து என்ற குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி பின்கோடு வந்தது. உறையின் மேல் எந்த எழுத்தில் இருந்தாலும் மூணாறு 685612தான். கம்ப்யூட்டரின் பின்கோடுக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது ஒரு லைப்ரரியின் வேலை. இங்கே லைப்ரரி என்பது புத்தகம் அடுக்கிய இடமல்ல. எல்லா புரோகிராமர்களும் கூப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்ள யாரோ முன்பே எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு. வங்கி, ரயில்வே, செய்தித்தாள் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் திரைக்குப் பின்னால் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது கேட்கப்படுகிறது.

ஆரம்பத்தில் இதற்கு லைப்ரரியெல்லாம் தேவைப்படவில்லை. கலிஃபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் அலுவலகம் எல்லாப் பெயர்களையும் எண்களையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது. புதிய கம்ப்யூட்டர் வந்தால் அங்கே சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும். பட்டியல் கட்டுக்கடங்காமல் வளர்ந்தபோது, 1983ல் பால் மோக்கபெட்ரிஸ் பெயர் முறையை உலகமெங்கும் பங்கிட்டு வைக்கும் டி.என்.எஸ். திட்டத்தை வகுத்தார். அதே வருடம் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸில் 'கெட்ஹோஸ்ட்பைநேம்' என்ற கட்டளை இடம் பெற்றது. பெயரைக் கொடு, எண்ணைத் தருகிறேன் என்பதுதான் அதன் ஒரே ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தில் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று இருந்தது. பெயர் ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், பத்து இலக்கங்கள், ஒரு சிறு கோடு ஆகியவற்றுக்குள் அடங்கியிருக்க வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்த விதியல்ல. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

தமிழுக்கு இந்தக் கதவு திறந்ததில் சிங்கப்பூருக்குப் பங்குண்டு. 1995 அக்டோபரில், நான்கு மொழிகளில் அமைந்த சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இன்டர்நெட்டில் ஏறியபோது அதில் தமிழும் இருந்தது. நா. கோவிந்தசாமியும் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் அதன் பின்னணியில் இருந்தார்கள். தமிழில் பக்கம் இருக்கலாம் என்றால் அதன் விலாசம் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்? 1998ல் டான் டின் வீயின் குழு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. உலக அளவில் விதிகள் வெளிவந்தது 2003ல்.

விடை கொஞ்சம் வேடிக்கையானது. டி.என்.எஸ். தன் 26 எழுத்துகளை விட்டு ஒரு அங்குலமும் நகரவில்லை. தமிழ்ப் பெயர்தான் மாறுவேடம் போட்டுக்கொண்டு உள்ளே போகிறது. 'இந்தியா' என்று முடியும் ஒரு முகவரியைத் தட்டினால், லைப்ரரி அதை 'எக்ஸ், என்' என்ற இரண்டு எழுத்தும் இரண்டு கோடும் முன்னால் நிற்க, பின்னால் பதின்மூன்று எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வாலாக மாற்றி அனுப்புகிறது. இலங்கை 2010லும் சிங்கப்பூரும் இந்தியாவும் 2011லும் இப்படித் தங்கள் தமிழ்ப் பெயரைப் பெற்றன. இந்தியாவுக்கு அப்போது கிடைத்த ஏழு மொழிகளில் தமிழ் உண்டு, மலையாளம் இல்லை. அது பிறகுதான் வந்து சேர்ந்தது.

இதற்கெல்லாம் முன்னோட்டமாக 2007ல் ஐகான் அமைப்பு பதினோரு சோதனைப் பெயர்களை நிறுவியது. தமிழுக்கு வந்தது 'பரிட்சை'. தமிழாசிரியர்கள் சிவப்பு மையை எடுத்திருப்பார்கள், 'பரீட்சை' அல்லவா என்று. ஆனால் 2013ல் அகற்றப்படும் வரை குறில் போட்டவருக்குத்தான் கதவு திறந்தது. நெடில் போட்டவர் சரியாக எழுதித் தோற்றார்.

எல்லைப் பகுதியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. மலையாளத்தில் மூணாறின் கடைசி எழுத்து ஒரு 'சில்லு'. நம் புள்ளி வைத்த 'ர்' போன்றது. 2008 வரை யூனிகோடில் அதற்குத் தனி இடம் கிடையாது. ரகரத்தோடு சந்திரக்கலையையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக் குறியையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். 2003ன் விதியோ கண்ணுக்குத் தெரியாததைத் தேவையற்றது என்று கருதி எறிந்துவிடும்! விளைவு, சில்லு உடைந்து சாதாரண ரகரமும் சந்திரக்கலையும் மிஞ்சும். அது வேறொரு பெயர். 2010ன் திருத்தம் அந்தக் குறியை நிபந்தனையோடு அனுமதித்தது. ஆனால் பழைய விதியைப் பின்பற்றும் லைப்ரரிகள் ஓய்வு பெறவில்லை. பைத்தான் மொழியோடு கூடவே வரும் மாற்றி இன்னும் 2003லேயே நிற்கிறது. புதிய விதி வேண்டும் என்றால் தனிப் பொதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழும் இதில் சுத்தமல்ல. பாலக்காட்டுப் பக்கம் கடைக்கும் கோயிலுக்கும் குறைவில்லாத 'ஸ்ரீ'யை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் இதை 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 2005ல் சேர்ந்த வேறொரு சகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், தேடலில் இரண்டும் வேறு. 'கொ' போன்ற எழுத்துகளை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். இதை லைப்ரரி சரிசெய்துவிடும். 'ஸ்ரீ'யைச் சரிசெய்யாது. இன்னொருவர் மறு 'ஸ்ரீ'யைப் பதிந்துகொண்டு அதே பெயரில் கடை விரித்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் 'உ'வும் மலையாள 'உ'வும் கிட்டத்தட்ட ஒரே வடிவம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பெயரைப் பதிபவர்களின் கண்டிப்பு இங்கேதான் தேவைப்படுகிறது.

இது யாருக்கு முக்கியம்? கேரளப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று நான்கு மொழிகளில் அச்சாகின்றன. சித்தூரிலோ தேவிகுளத்திலோ தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை, லினக்ஸ் ஓடும் பள்ளிக் கம்ப்யூட்டரில் பைத்தானைப் பழகுகிறது. அங்கே பெயரைத் தேடுவது ஒரு வரி வேலை. அந்த வரியில் 1983ன் கட்டளையை எழுதுவதா, 'கெட்அட்ரஸ்இன்ஃபோ' என்ற பிந்தைய கட்டளையை எழுதுவதா என்பதில் தயங்கத் தேவையில்லை. பழையது பழைய பாணி ஐ.பி. எண்ணை மட்டுமே அறியும். புதியது ஐ.பி.வி6 எண்ணையும் சேர்த்துப் பட்டியலாகத் தரும். மொபைல் இணைப்புகளில் அந்தப் புது எண் இன்று பரவலாகிவிட்டது. போதாக்குறைக்கு, லினக்ஸில் பரவலாக இருக்கும் ஒரு லைப்ரரியில் பழைய கட்டளை 2000லிருந்தே ஒரு ஓட்டையைச் சுமந்துகொண்டிருந்தது. அதன் ஆபத்து 2015 ஜனவரியில்தான் அம்பலமானது. 'கோஸ்ட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், பேய்!

காகிதத்தில் எல்லைத் தமிழருக்கு உரிமை பழையது. சிறுபான்மை மொழிப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வகை செய்தது. உரிமை இருந்தாலும் எழுத்துப் பிசகக் கூடாது என்பதை 2021ல் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ. ராஜா அனுபவித்தார். தமிழில் அவர் வாசித்த உறுதிமொழியின் மொழிபெயர்ப்பில் ஒரு சொற்றொடர் விடுபட்டிருந்தது. இன்னொரு தடவை உறுதிமொழி எடுக்க நேர்ந்தது. சட்டசபையும் சில விஷயங்களில் டி.என்.எஸ். மாதிரிதான்.

இன்றைய தடை டி.என்.எஸ்ஸிலும் இல்லை, பெரும்பாலும் லைப்ரரியிலும் இல்லை. ஏதோ ஒரு விண்ணப்பப் படிவத்தில் இணைய முகவரி கேட்கும் கட்டத்தில் தமிழில் தட்டினால், தவறான முகவரி என்று சிவப்பில் வருகிறதே, அந்தச் செய்தியில் இருக்கிறது. அந்தப் படிவம் யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை. ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஒரு வரியை எழுதியவர் அதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரியை நீக்கிவிட்டு, பெயரை அப்படியே லைப்ரரியிடம் கொடுத்துக் கேட்கலாம். இருந்தால் எண்ணைத் தரும். இல்லையென்றால் இல்லை என்று அதுவே சொல்லும்.