எலும்பு மரக்கட்டை இல்லீங்கண்ணா!

மக்களே, மொக்கை போட்டே ரொம்ப நாள் ஓட்டியாச்சு. இன்னிக்கு கொஞ்சம் கோபப் பதிவு.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் போய் இம்ப்ளாண்ட் வெச்சோம். "டைட்டானியம்ங்க, ஆயுசுக்கும் கவலையில்லை"ன்னாங்க. நாலு வருஷம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தா, திருகு ஜம்முனு இருக்கு. அதோட கழுத்தைச் சுத்தி எலும்பைத்தான் காணோம்! கேட்டா, "கொஞ்சம் கரையறது சகஜம்"னு பதில்.

யாருக்குங்க சகஜம்?

டைட்டானியம் எலும்போட ஒட்டிக்கும்னு கண்டுபிடிச்சு, 1965ல முதல் நோயாளிக்குப் பொருத்தினவர் ஸ்வீடனின் பிரானெமார்க். பெரிய சாதனை, மறுக்கலை. ஆனா 1986ல வகுத்த வெற்றி அளவுகோலைப் பாருங்க: முதல் வருஷத்துக்கு அப்புறம், வருஷத்துக்கு 0.2 மி.மீ.க்குள்ள எலும்பு குறைஞ்சா வெற்றி. முதல் வருஷக் கரைசல் கணக்குலயே வராது!

சுமைக்கு ஏத்த மாதிரி எலும்பு தன்னைத் திருத்திக்கும்னு ஜூலியஸ் வோல்ஃப் 1892லயே எழுதிட்டார். சும்மா விட்டா மெலியும், அளவா வேலை கொடுத்தா தேறும், அளவு மீறினா சேதமாகும். நம்ம சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு தசைநார் இருக்கு. இம்ப்ளாண்டுக்கு அது கிடையாது. டைட்டானியத்தோட விறைப்பு சுமார் 110 ஜிகாபாஸ்கல், தாடையின் கெட்டி எலும்புக்கு 15-20தான். கடிக்கிற அழுத்தம் கழுத்துப் பக்கம் போய்க் குவியுது.

"புகை, சர்க்கரை, சரியா பல் தேய்க்காதது, கிருமி இதெல்லாம் காரணம் இல்லையா?"ன்னு டாக்டர் நண்பர்கள் சண்டைக்கு வருவீங்க. காரணம்தான் சாமி. ஆனா எல்லாப் பழியையும் நோயாளி தலையில கட்டிட்டு டிசைனைத் தப்பிக்க விடாதீங்க. கழுத்துல நுண்மரை போடறது, மேல மாட்டுற பாகத்தைக் குறுக்கறதுன்னு வழிகள் ஏற்கனவே இருக்கே! நுண்துளை விட்டா விறைப்பு குறையும், ஆனா பலமும் குறையும். அந்தச் சமன்பாட்டைப் போடத்தானே இன்ஜினியர்?

நான் கேக்கறது ஒண்ணுதான். வெச்ச அன்னிக்கு ஆடாம நிக்குதான்னு மட்டும் பார்த்து டிசைன் பண்ணாதீங்க. எலும்பு மாற மாற அஞ்சு, பத்து வருஷத்துல என்ன ஆகும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாருங்க, அப்புறம் மனுஷங்க வாயில சரிபாருங்க. சுவத்துல ஆணி அடிக்கிறவன் சுவரைப் பத்தி யோசிக்க வேண்டாம். இது உயிருள்ள சுவர்ங்க.

டிஸ்கி: அம்மா இப்ப முறுக்கை ஊறவெச்சுத்தான் சாப்பிடறாங்க. அதான் இந்தக் கோபம். கும்மறவங்க பின்னூட்டத்துல கும்மலாம் :-)