முந்திக்கொண்ட காலண்டர்

சென்ற பொங்கலுக்கு முந்திய இரவு நமது சங்கத்தின் இணையதளம் முடங்கிப்போனதை அன்பர்கள் அறிவர். பிழை நம்முடையதே. பைதான் கற்கும் நம் பிள்ளைகளுக்கேனும் அது பாடமாகட்டும்.

விழா நாட்களைப் பட்டியலிடும் கோப்பொன்று எழுதி, 'காலண்டர்' எனப் பெயரிட்டுத் தளத்தின் முதல் அடைவிலேயே வைத்தோம். அதுவரை ஒழுங்காக ஓடிய 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகம், 'டைம்ஜிஎம்' என்பதைக் காணோம் என்று நின்றுவிட்டது. 'இம்போர்ட்' வரிகளை மேலும் கீழுமாக மாற்றிப் பார்த்தோம்; பயனில்லை. நாம் தொடாத நூலகத்தில் பிழை வருவானேன் என்று நள்ளிரவு வரை திகைத்தோம்.

காரணம் எளிது. முன்பே ஏற்றியவையும் பைதானுக்குள்ளேயே அமைந்தவையும் போக, மற்றவற்றை அது வரிசைப்படி தேடுகிறது. இயக்கும் நிரல் உள்ள அடைவு முதலாவது. 'பைதான்பாத்' மாறியில் நாம் குறித்த பாதைகள் அடுத்து. பிறகு மொழியோடு வரும் நூலகம். இறுதியில் நாம் நிறுவிய தொகுப்புகள். பெயர் ஒத்தது முதலில் எங்கே அகப்படுகிறதோ, அங்கேயே தேடல் முடிந்தது. மொழிக்குரிய 'காலண்டர்' மூன்றாமிடத்தில் காத்திருக்க, நம்முடையது முந்திக்கொண்டது. பார்சல் ஆபீசில் பெயரை மட்டும் பார்த்து மூட்டையை ஒப்படைத்த கதைதான்!

கோப்புக்குச் 'சங்கவிழா' எனப் பெயர் மாற்றினோம், தளம் எழுந்தது. 2024இல் வெளிவந்த 3.13ஆம் பதிப்பு இத்தகைய பெயர் மோதலைப் பிழைச் செய்தியிலேயே சுட்டுகிறது. எனினும், சொந்த நூலகங்களை வேறெங்கும் வழங்காத பெயருள்ள ஓர் அடைவுக்குள் வைப்பதே நன்று. பாதையைத் திருத்துமுன் பெயரைப் பாருங்கள்.