வீட்டில் படிக்கிறவங்களுக்கும் விளையாட்டு வேண்டும்!



நம்ம பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆனால் வகுப்பில் பார்க்க முடியாது. அப்படிச் சில பேர் இருக்காங்க. அவங்க மட்டம் போடுறவங்க இல்லை. உடம்பு முடியாததால் பள்ளிக்கு வர முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் செய்தார்கள். அதன்படி கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம். சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுப்பார். நல்ல விஷயம்தான். பாடம் வீடு தேடி வருது. ஆனால் விளையாட்டு விழா வருதா? ஆண்டு விழா வருதா?

எங்க தெருவில் அப்படி ஒரு தங்கச்சி இருக்கா. ஜன்னல் வழியா கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துப் பார்த்து, சக்கரம் எத்தனை என்று கூடத் தப்பாமல் வரைவாள். பள்ளியில் ஓவியப் போட்டி நடந்ததே அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? பள்ளிகள் இவர்களைச் சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது. மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்பும் தரவேண்டும். போக்குவரத்து வசதியும் செய்து தரவேண்டும். அப்படியென்றால் அவளைக் கூப்பிடுவது நாம் காட்டும் இரக்கம் இல்லை, அவளுடைய உரிமை!

"தினமும் பள்ளிக்கு வராதவங்களுக்கு எதுக்குப் போட்டி?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவிலும் இப்படிக் கேட்டார்கள். அங்கே பெற்றோரே விரும்பி வீட்டில் வைத்துப் படிக்க வைப்பது உண்டு. அந்தப் பிள்ளைகளும் அரசுப் பள்ளி அணியில் விளையாடலாம் என்று புளோரிடா மாநிலம் 1996-லேயே சட்டம் போட்டது. அப்படி விளையாடிய டிம் டீபோ, 2007-ல் அந்த நாட்டுக் கல்லூரிக் கால்பந்தின் பெரிய விருதையே வாங்கினார்.

நம்ம ஊர்க்காரரையே பாருங்க. சேலம் மாவட்டம் மாரியப்பன் தங்கவேலு. 5 வயதில் பேருந்து ஏறி அவர் வலது கால் நசுங்கியது. பள்ளியில் இருந்த உடற்கல்வி ஆசிரியர்தான் உயரம் தாண்டச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம்! நம்ம திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸ் 2024-ல் பாரீஸில் பேட்மிண்டனில் வெண்கலம் வாங்கினார். மாரியப்பன் பள்ளிக்கு வந்ததால் அவர் திறமை ஆசிரியர் கண்ணில் பட்டது. வீட்டிலேயே இருக்கிற பிள்ளையின் திறமை யார் கண்ணில் படும்?

எல்லோரும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்தபடி ஆட கேரம் இருக்கு, செஸ் இருக்கு. கேரம் நம்ம வடசென்னை ஆட்டம்தானே! புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கியதும் அதில்தான். பாட்டு, பேச்சு, ஓவியம் எல்லாம் இருக்கு.

நான் கேட்பது மூன்றுதான்.

1. போட்டி அறிவிப்பு வந்தால், வீட்டில் படிக்கிறவங்களுக்கும் அன்றைக்கே சொல்ல வேண்டும். அதே தெரு மாணவர்கள் நாமே போய்ச் சொல்லலாம்.

2. லாரி ஓடும் சாலையில் சக்கர நாற்காலியைத் தள்ளி வர முடியாது. அதனால் விழா நாளில் ஒரு ஆட்டோவாவது ஏற்பாடு செய்ய வேண்டும். வரவே முடியாவிட்டால், வரைந்த படத்தையாவது வாங்கி வந்து போட்டியில் சேர்க்க வேண்டும்.

3. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மட்டும் கூப்பிட்டு மிட்டாய் கொடுத்தால் போதாது. ஆண்டு முழுக்கக் கூப்பிட வேண்டும்.

தலைமை ஆசிரியர் அவர்கள் இதைக் கவனிக்க வேண்டுமாய்ப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நண்பர்களே, அடுத்த போட்டிக்கு உங்க தெருவில் யார் பெயரைக் கொடுக்கப் போறீங்க?



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, வள்ளூர்