எதற்கு ஆயத்தம்? எதனை ஆயத்தம்?

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்தைச் சேர்ந்த பாறசாலை எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் வழங்குகின்றன. உழவர் இவ்விரு மொழிகளுள் ஒன்றில் கூறுவதைக் களப்பணியாளர் ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதுங்கால், சிறியதொரு தொடர் அவரை இடறச் செய்யக்கூடும்.

'இன் பிரிப்பரேஷன் ஃபார்' என்பதே அத்தொடர். இதன்பின் வரவேண்டியது, இனி நிகழவிருக்கும் செயலையோ காலத்தையோ குறிக்கும் சொல். 'ஃபார்' நிற்குமிடத்தில் 'ஆஃப்' நின்றால், பின்வரும் சொல் ஆயத்தம் செய்யப்படும் பொருளையே குறிக்கும். மழைக்காலத்திற்கு ஆயத்தமாக வாய்க்கால் தூர்வாரப்பட்டது என்பதற்கு முன்னது வேண்டும். நடவுக் கரணைகளை ஆயத்தம் செய்தல் என்பதற்குப் பின்னது வேண்டும்.

தமிழறிந்தார்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. 'எதற்கு' என்னும் வினா நான்காம் வேற்றுமைக்கு உரியது. அவ்வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் 'பொருட்டு' என்பதும் ஒன்று. 'எதனை' என்பது இரண்டாம் வேற்றுமைக்கு உரியது. ஆசிரியர்கள் ஆங்கில இடைச்சொற்களை உருப்போடச் செய்வதினும், எழுதுமுன் இவ்விரு வினாக்களை எழுப்ப மாணவரைப் பழக்குதல் நன்று.

எனினும், தொடர் பிழையற அமைந்தால் மட்டும் போதாது. இப்பகுதியில் மரச்சீனி எனப்படும் மரவள்ளியை எடுத்துக்கொள்ளலாம். 'நடவுக்கு ஆயத்தமாகத் தண்டுகள் சேர்க்கப்பட்டன' என்னும் வாக்கியத்தில் இலக்கணக் குறை இல்லை, செய்தி குறைகிறது. மரவள்ளித் தேமல் நோய் நடவுக் கரணைகள் வழியாகவும் பரவும். வெள்ளை ஈக்களாலும் பரவும். நோயுற்ற செடிகளின் தண்டுகள் விலக்கப்பட்டனவா என்பது எழுதப்படாவிடின், பின்னர்த் தோன்றும் நோய் கரணையோடு வந்ததா, ஈயால் வந்ததா என்று அறிக்கையைப் படிப்பவர் துணிதல் அரிது. 1963இல் தோன்றித் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞரேயாயினும், எழுதப்படாததைப் படித்தறிய இயலாது.

ஆகவே, 'நடவுக்கு ஆயத்தமாக, நோயற்ற செடிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் தண்டுகளை 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள கரணைகளாக நறுக்கினர்' என எழுதுவதே முறை. எதற்கு, எதனை, எவ்வாறு என்னும் மூன்றுக்கும் விடை தரும் வாக்கியமே களத்தின் நிலையை ஆராய்ச்சிக்கூடம் வரை பழுதின்றிக் கொண்டு சேர்க்கும்.